திருநாளில் உட்கார்ந்தவள்

"இன்னிக்கு மட்டும் இந்த வீட்டு மருமக வாசலைத் தாண்டக் கூடாது! சொல்லிட்டேன்!"

தெசாங்கா இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்து நின்றாள். விடிந்தும் விடியாத நேரம். பெல்கிரேடு முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது. அன்று புனித நிக்கோலாவின் நாள், அந்தக் குடும்பத்தின் குலசாமித் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள். வேண்டியவர்கள் தாங்களே வந்து நிற்பார்கள். கடைசி விருந்தாளி கிளம்பும்வரை வீட்டுக்காரர்கள் உட்காராமல் நின்றே பரிமாற வேண்டும்.

மருமகள் ராத்மிலாவோ டிராம் ஓட்டுநரின் சீருடையில் நின்றாள்! நாற்பத்தெட்டு வயதில் பயிற்சி முடித்து, தனியாக வண்டி எடுக்கப்போகும் முதல் நாள். வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"எல்லாம் செஞ்சு வச்சுட்டேன் அத்தை. மீன் சூப், முட்டைகோஸ் சுருள், பீன்ஸ், ரொட்டி... சூடு பண்ணிப் போட்டா போதும்."

"போடறது யாரு? எழுபத்தி மூணு வயசுல நானா?"

கணவன் மியோத்ராக் மெழுகுவர்த்தித் தாங்கியைத் துடைத்தபடி முனகினான். "இந்த வயசுல எதுக்கு இந்தக் கூத்து? என் கூட்டாளிங்க சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டுங்க. தையல் தொழிற்சாலையில நல்லாத்தானே இருந்தேன்? மாமா படுத்த படுக்கையானப்ப, வேலைய விட்டுட்டு வான்னீங்க. வந்தேன். ஆறு வருஷம் அவரைத் தூக்கி உக்கார வச்சேன். அவரும் போயிட்டாரு, அந்தத் தொழிற்சாலையையும் மூடிட்டாங்க... அப்ப யாருமே சிரிக்கலையே!"

அவன் குனிந்து, துடைத்த தாங்கியையே மறுபடி துடைத்தான்.

"போடி, போ! சாமி நாளையே மதிக்காதவ, திரும்பி இந்தப் படி ஏறாதே!" என்று தெசாங்கா அழுதாள்.

ராத்மிலா கையுறையை மாட்டிக்கொண்டாள். "சாயங்காலம் வந்து ஏறத்தான் போறேன் அத்தை. அப்பத் திட்டுங்க." மாமியாரின் கையை மெல்ல விலக்கிவிட்டுப் போனாள்.

பனியில் டிராம் தண்டவாளம் வழுக்கியது. அவளுடைய காலுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. எத்தனை வருஷம் தையல் இயந்திரத்தை மிதித்த கால்! எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்குத் தெரியாதா? பாலத்தருகே உள்ள நிறுத்தத்தில் கதவு மூடும் நேரத்தில், கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் தடுமாறி ஓடி வந்தார். அவள் மறுபடி கதவைத் திறந்தாள்.

வந்தவர் அவர்கள் தெருப் பாதிரியார் சாவா. அவர் வந்து ஜெபித்தால்தான் எந்த வீட்டிலும் திருநாள் ரொட்டியை வெட்டுவார்கள்.

"கார் கிளம்பலம்மா. ஐயோ, ராத்மிலாவா! உங்க வீட்டுக்குத்தான் முதல்ல போறேன். இன்னிக்கு நீ வீட்டுல நிக்கணுமே?"

"இங்க உக்காந்திருக்கேன் ஃபாதர். கம்பியைப் பிடிச்சுக்குங்க, திருப்பம் வருது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நிக்கோலா வழிப்போக்கருக்குக் காவல் சாமி. உன்கிட்ட அவருக்கு என்ன கோபம் வரப்போகுது!"

மாலை நாலு மணிக்கு அவள் வீட்டுப் படியேறியபோது உள்ளே ஒரே கூட்டம். தெசாங்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் வீங்கியிருந்தன. ராத்மிலா நேரே போய்க் கொக்கியிலிருந்த சமையல் துணியை எடுத்தாள். மாமியார் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

போச்சு, ஊர் பார்க்கத் திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் ராத்மிலா.

"ஃபாதர் வந்து சொன்னாருடி... முட்டைக் கூடையை ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டினியாமே!" தெசாங்கா துணியைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "அதுக்காக இதைப் பிடுங்கல. காலையிலிருந்து நிக்கிறேன். அரை நாள்லயே முட்டி கழண்டு போச்சு. நீ இருபத்தாறு வருஷமா நின்னிருக்கியே... ஒரு தடவை கூட, கால் வலிக்குதான்னு உன்னை நான் கேக்கலையேடி!"

"அத்தை..."

"பேசாதே! டேய், நாற்காலி போடுடா அவளுக்கு!"

மியோத்ராக் ஓடிப்போய் மேசையின் தலைப்பக்கத்தில் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டான். அந்த வீட்டில் எந்தத் திருநாளிலும் வீட்டுக்காரர் உட்கார்ந்தது கிடையாது. விருந்தாளிகள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"அத்தை, உங்க கால் வீங்கியிருக்கு. நீங்க உக்காருங்க..."

"நாளைக்கு உக்காந்துக்கறேன். இன்னிக்கு நீ உக்காருடி."

ராத்மிலா சீருடையோடு உட்கார்ந்தாள். தெசாங்கா கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவளருகே நின்று, சூடான மீன் சூப்பை ஊற்றினாள்.