பாடத்தில் வெட்டிய இடம்

முதலில் திரும்பியது முன்வரிசைப் பெண். மழை எப்படி வருகிறது என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவள், "கடல் தண்ணீர் சூடாகி, ஆவியாக மேலே போய்..." என்றதும் நிறுத்தினாள். முகம் இடப்பக்கம் திரும்பியது. "ஒரு நிமிஷம்," என்றாள், யாருமில்லாத சுவரைப் பார்த்து. பிறகு முன்பக்கம் திரும்பி, "குளிர்ந்து மேகமாகும்," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அது அவளே செய்த கூத்து. பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்த்த மாதங்களில் பாடங்களை வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். மழைப் பாடத்தின் நடுவே கூரியர்காரர் பெல் அடிக்க, கதவுப் பக்கம் திரும்பி அப்படிச் சொன்னாள். அதை வெட்டச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டாள். பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் அந்த வீடியோக்களைத்தான் பார்த்துப் படித்தார்கள். டேப்லெட்டைக் கொடுத்தால் வீட்டில் சத்தமே இல்லை என்று பெற்றோருக்குக் கொள்ளை மகிழ்ச்சி.

அடுத்த பையனை எழுப்பினாள். அவனும் அதே இடத்தில் திரும்பினான். அதற்கடுத்தவளும். எரிச்சலை மறைத்துக்கொண்டு உதட்டை லேசாக இழுத்த விதம்கூட வீடியோவில் இருந்த அவளுடையதே. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். எட்டு வயதுப் பிள்ளைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டாமா?

கடைசி பெஞ்சில் இருந்த சிட்டு அவளுடைய சொந்த மகள். "நீ உன் சொந்த வார்த்தையில சொல்லும்மா."

சிட்டு யோசித்தாள். "சொந்த வார்த்தைன்னா எந்த வீடியோல இருக்கு, டீச்சர்?"

மதியம், வீடியோக்களைப் பள்ளித் தளத்தில் ஏற்றிய கம்ப்யூட்டர் சாரிடம் ஓடினாள். "சார், அந்த 'ஒரு நிமிஷம்' மட்டும் வேண்டாம். இன்னிக்கே எடுத்துடுங்க."

"இதுக்கா இவ்வளவு பதறுறீங்க? பசங்க சாயங்காலம் படிக்க உட்கார்றதுக்குள்ள மாத்திடறேன், டீச்சர்."

சாயங்காலம் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கும் ஃபிரிட்ஜின் முனகலுக்கும் நடுவே, ஹாலில் இருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது. கொஞ்சம் தகரச் சத்தம் கலந்த, களைப்பே தெரியாத குரல், கடலையும் வெயிலையும் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஆவி மேலே போகும் இடத்தை அடைந்து, "ஒரு நிமிஷம்" என்றது. இன்னும் மாற்றவில்லையா? குழாயை மூடினாள். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஹாலுக்கு வந்தாள். திரையில் அவள் முகம் இடப்பக்கம் திரும்பியபடி உறைந்திருந்தது. கம்ப்யூட்டர் சார் அவசரத்தில் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு இருந்ததையெல்லாம் வெட்டியிருந்தார்.

டேப்லெட்டுக்கு எதிரே சிட்டு. அவள் முகமும் இடப்பக்கம். உதடுகள் பாதி திறந்திருந்தன.

"சிட்டு."

அசைவில்லை. தோளைத் தொட்டாள். சூடு இருந்தது. மூச்சும் வந்தது. இமை மட்டும் கொட்டவில்லை.

மகளின் பார்வைக்கு நேராகப் போய் மண்டியிட்டாள். அந்தக் கண்கள் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தன. "குளிர்ந்து மேகமாகும். சொல்லும்மா. குளிர்ந்து..." கெஞ்சினாள். உலுக்கினாள். கத்தினாள். பெற்றவளின் குரல் அந்தக் காதுக்குள் போகவே இல்லை.

போனை எடுத்தாள். தன் முகத்தைத் தானே வீடியோ எடுத்தாள். "குளிர்ந்து மேகமாகும். சிட்டு, அம்மாகிட்ட வா."

மகளின் முகத்துக்கு முன்னால் அதை ஓடவிட்டாள்.

கண்கள் அசைந்தன. "குளிர்ந்து மேகமாகும்," என்றாள் சிட்டு. சிரித்தாள். "அம்மா."

பெற்றவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனை சோபாவில் போட்டுவிட்டு, அழுதுகொண்டே இரண்டு கைகளையும் விரித்தாள்.

சிட்டு எழுந்தாள். விரித்த கைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சோபாவில் படுத்து, போனைப் பற்றிக்கொண்டு, அதன் திரையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

வீடியோ முடிந்தது.

கன்னம் அப்படியே இருந்தது. கண்கள் திறந்தே இருந்தன.

இன்னொன்று எடுக்க வேண்டும். உடனே. போனை இழுத்தாள். பிஞ்சு விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல் திரும்பவும் மூடிக்கொண்டது.

அந்தக் கன்னத்தின் அடியில் போன் அதிர ஆரம்பித்தது. கன்னத்தின் ஓரமாகத் திரையில் பெயர் தெரிந்தது: முன்வரிசைப் பெண்ணின் அம்மா. அது நின்றதும் இன்னொரு பிள்ளையின் அப்பா. பிறகு இன்னொருவர். ஒவ்வொரு அழைப்புக்கும் வெளிச்சம் சிட்டுவின் முகத்தில் ஏறி, இமைக்காத கண்ணில் பட்டு, அணைந்தது.