பூஜைக்கு வைத்த மெஷின்

மரத்தைத் தொடுவதற்கு முன் கட்டர் ஒருமுறை தாழ்ந்து, எதையோ உறிஞ்சுவது போலச் சற்று நின்று, மேலே எழுந்தது. அப்படியொரு அசைவைப் பூதலிங்கம் கம்ப்யூட்டரில் எழுதவே இல்லை.

பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டான். ஆரியசாலை வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் அவன் கட்டிய மெஷினின் அடிப்பாகம், மூடிப்போன ஒரு லேபிலிருந்து காயலான் கடைக்கு வந்த இரத்தப் பரிசோதனைக் கருவி. குப்பிக்குக் குப்பி ஊசியைக் கொண்டுபோன அந்த மேசையில், ஊசிக்குப் பதில் மரம் செதுக்கும் கட்டரைப் பூட்டியிருந்தான். மகள் அஜிதாவுக்கு இடது கால் குட்டை. செருப்புக்கு அடியில் பொருத்த அவள் பாதத்தின் அளவில் ஒரு கட்டை வேண்டும். விஜயதசமியன்று நொண்டாமல் நடக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். விஜயதசமி நாளைக்கு.

சந்தனமும் குங்குமமும் வைத்த மெஷினை இன்று தொடவே கூடாது. மனைவி பிரேமா கெஞ்சிப் பார்த்தாள்.

"பூஜைக்கு வெச்சத எடுக்கப்பிடாது, கேட்டியளா? காலம்பற பூஜை எடுத்துட்டு ஓட்டினா போராதா?"

"பிள்ளைக்கு வாக்குக் குடுத்தாச்சு பிரேமா." அஜிதாவைக் கொண்டே பட்டனை அழுத்தவைத்து, தூள் பறக்குமென்று அவளை வீட்டுக்குள் அனுப்பினான்.

ஐப்பசித் துலாமழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் பலாமரத்தின் மஞ்சள் தூள் பறந்து பறந்து விழுந்தது; ஆனால் கொட்டகையை நிறைத்தது மரவாசனை அல்ல, ஸ்பிரிட்டும் துருவும் கலந்த ஏதோ ஒரு நெடி. செருப்புக்கட்டை முடிந்தது. கட்டர் நிற்கவில்லை. மீதிப் பலகைக்கு நகர்ந்து பொம்மை அளவில் ஒரு பாதத்தைச் செதுக்கியது. சுண்டுவிரலில் அஜிதாவின் தழும்பு. அதை அவன் அளந்ததே கிடையாது.

"அப்பா," வீட்டுக்குள்ளிருந்து அஜிதா கூப்பிட்டாள். "காலைத் தொட்டா தெரியல்ல."

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. கட்டர் சுற்றியது.

பலகையைப் பிடித்து இழுத்தான். உள்ளே அஜிதா வீறிட்டாள். விட்டான். அழுகை நின்றது. சுத்தியலை ஓங்கினான், கட்டரின் முனை மரத்துக்குள் இருந்தது. பிசகினால்? அவனுக்கு அழுகை வந்தது. சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இடுப்பு வரைக்கும் போச்சு," பிரேமா அலறினாள். "ஏதாவது செய்யுங்களேன்!"

பலகையில் கைகள். தோள். கழுத்து.

கண்கள்.

"அம்மா, கரண்ட் போச்சா? ஒரே இருட்டா இருக்கே."

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொட்டகையிலிருந்தே தெரிந்தது.

வாய்.

அதற்குப் பிறகு அஜிதாவின் குரல் கேட்கவில்லை. பிரேமா மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கட்டர் சுற்றுவதை நிறுத்தியது. மரப்பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே வந்தது. தாழ்ந்தது. சற்று நின்றது.

இந்த முறை ஈரமாக எழுந்தது.