பூமணி மச்சாளின் சட்டைக் கை

"ரெண்டு கையும் ஒரே ஆளுக்குத்தானேகா தைச்சாள் உன்ட மகள்?"

விடிந்ததும் விடியாததுமாகக் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வந்து நின்றாள் பூமணி. சட்டையின் ஒரு கை, ஒட்டுப் போட்டு முழங்கையைத் தொட்டது. மற்றது தோளுக்குக் கீழே பாதியில் நின்றுவிட்டது.

"கொலிஜில காசு குறைஞ்ச படிப்பாப் பார்த்துச் சேர்த்தா, உன்ட மகள் இப்பிடித்தான் தைப்பாள்! மாத்த வேற சட்டையும் இல்லையே..."

நேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் படிப்பைத் தெரிந்தெடுத்த அவள் கணவர் நல்லரத்தினமோ, "தாய்தானே கூட்டிப் போய்ச் சேர்த்தவ," என்று தன் தங்கைக்கே ஒத்தூதினார்!

நாட்டில் போர் ஓய்ந்த அடுத்த வருசம், நாவற்குடாவுக்குக் கிட்ட இருந்த அந்தத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பாடத்துக்கொரு கட்டணம் என்று அறிவித்தார்கள். தையலுக்குக் கொஞ்சம், போட் எஞ்சின் திருத்துவதற்கு அதைப்போல நாலு மடங்கு.

"ஒரே கட்டடம், இருக்க ஒரே வாங்கு, ஒரே மணி! காசு மட்டும் வேற வேறயா?" என்று நல்லரத்தினம் அங்கேயே சண்டை பிடித்தார்.

"தையலுக்கு நூல் போதும் ஐயா. எஞ்சின் படிப்புக்கு எஞ்சின் வேணுமே," என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

மகள் நிருஷா ஆசைப்பட்டது எஞ்சினுக்கு. அப்பா சேர்க்கச் சொன்னது தையலுக்கு.

நேசம்மா யாருக்கும் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு, தைக்கத் தெரியுமா என்று கேளாமலே ஒரு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போன தையல் மெசினைக் காத்தான்குடி முகைதீன்பாவாவுக்கு விற்று, மகளை எஞ்சினிலேயே சேர்த்துவிட்டாள். மெசின் திருத்தக் கொடுத்திருக்கு என்று வீட்டில் சொன்னாள். ஆனால் தையல் படிக்கும் பிள்ளையிருக்கும் வீட்டுக்குச் சொந்தமெல்லாம் துணியோடு வரும் என்பதை அவள் யோசிக்கவில்லை! வந்த துணியையெல்லாம் ஒளித்து ஒளித்துக் கையாலேயே தைத்தாள். கடைசிப் பரீட்சை முடியும்வரை ஏச்சு வாங்கினால் போதும். முந்தித் தெரிந்தால் மனிசன் படிப்பை நிறுத்திவிடுவார்...

அன்று, வாவிக்கு அக்கரையில் படுவான்கரையில் நடந்த கல்யாணத்துக்கு நல்லரத்தினத்தின் போட்டிலேயே புறப்பட்டார்கள். நடு வாவியில் எஞ்சின் நின்றது. அவர் கயிற்றை இழுத்தார், ஏசினார், மறுகா இழுத்தார். அது அசையவில்லை.

"ஐயோ, தாலி கட்டி முடிஞ்சிருமே!" என்று அலறினாள் பூமணி.

"அப்பா, தள்ளுங்க." நிருஷா பாவாடையைத் தூக்கிச் செருகினாள். மூடியைக் கழற்றினாள். "எண்ணெயில தண்ணி கலந்து கிடக்கு." வடித்தாள், துடைத்தாள், பூட்டினாள், ஒரு இழுவை இழுத்தாள். எஞ்சின் உறுமியது!

நல்லரத்தினம் வாயைப் பிளந்தார். "இது... தையல் வகுப்பிலயா படிப்பிச்ச?"

நேசம்மாவின் கண்கள் நிறைந்தன. "இல்லங்க... மெசின வித்துத்தான் புள்ளைய எஞ்சினுக்கு விட்டன். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க... படிப்ப மட்டும் மறிச்சிடாதீங்க!"

அவர் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆருகா மறிக்கிற? படிக்கட்டும்... நான் கொலிஜில போட்ட சண்டைய மட்டும் கல்யாண வீட்டில சொல்லிப்போடாதீங்க."

"அப்ப என்ட சட்டைய ஆரு தைச்ச?"

"நான்தான் மச்சாள்..."

"அடி பாவி! புள்ளைக்காகவா இவ்வளவு ஏச்சும் திண்டுகிட்டு இருந்த?" பூமணி பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக் கோவென்று அழுதாள்.

பர்ரென்று ஒரு சத்தம். ஒட்டுப் போட்ட துண்டு கழன்று நேசம்மாவின் கையோடு வந்துவிட்டது. அவள் அதைத் திரும்ப வைத்து ஒட்டப் பார்த்தாள்.

பூமணி மூக்கைச் சிந்தி, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விடுகா, அழாத. இப்பதான் ரெண்டு கையும் சரியா வந்திருக்கு!"