யாரும் அழைக்காத வட்டம்

நான்கு வருடங்களுக்கு முன்பு அவன் நீக்கிய வட்டம் வரைபடத்தில் மறுபடியும் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருக்க, ஏசியின் உறுமலும் பழைய கம்பளத்தின் ஈர வாடையும் மட்டுமே துணையிருந்த அந்த அறையில், மருத்துவமனையின் முப்பது வருடத்து மென்பொருளை, நிரல்களை அலசும் கருவி ஒன்று வட்டங்களும் கோடுகளுமாகத் திரையில் விரித்திருந்தது: ஒரு வட்டம் ஒரு நிரல்துண்டு, கோடு என்றால் ஒன்று இன்னொன்றை அழைக்கிறது, ஓரத்தில் கடைசியாகக் கைவைத்தவரின் பெயர். கோடே இல்லாத வட்டம் வெட்டி என்று நினைத்துத் தூக்கிவிடுவது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. அவனும் அப்படித்தான் தூக்கினான். அது ஏழாம் கட்டிலில் மூச்சு நின்றால் அலறுகிற அலாரம். கட்டிலின் இயந்திரமே நேரடியாக அழைப்பதால் கருவியின் கண்ணில் படவில்லை.

அந்த வாரமே ஒரு மூச்சு நின்றது. அலாரம் அலறவில்லை.

புதியவனான அவனுக்கு அப்போது நீக்கும் அனுமதி கிடையாது. தம்பிதானே என்று நம்பி, பக்கத்து இருக்கை அக்கா சொல்லிவைத்திருந்த கடவுச்சொல்லைப் போட்டிருந்தான். பதிவில் அவள் பெயர்தான் இருந்தது. விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. அக்காவுக்கு வேலை போனது. ஆறே மாதத்தில் அக்காவின் உயிரும் போய்விட்டது. பாவி, பாவி என்று தன்னைத் திட்டிக்கொள்ளாத நாளில்லை, ஆனால் அதுவும் மனசுக்குள்ளேதான்.

வட்டத்தின் ஓரத்தைப் பார்த்தான். அக்காவின் பெயர். இன்றைய தேதி.

போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

“சார், ஏழாம் பெட் அலாரம் கத்திக்கிட்டே இருக்கு. பெட்ல யாருமே இல்ல. கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

“இதோ பாக்கறேம்மா. லைன்லயே இருங்க.”

வட்டத்தை நீக்கச் சொல்லி விசையைத் தட்டினான். யார் பெயரில் என்று கேட்டது கருவி. இப்போதாவது தன் பெயரைப் போடலாம். போட்டால் பழையதையும் தோண்டுவார்கள். அக்காவின் கணக்கை இன்னும் யாரும் மூடியிருக்கவில்லை.

அவள் பெயரை அடித்தான். அதே கடவுச்சொல்.

வட்டம் மறைந்தது.

“நின்னுடுச்சு சார்.” நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். “உங்க பக்கத்துல யாரு சார்?”

“யாருமில்லையே.”

“ஒரு லேடி பேசறாங்களே. ‘மறுபடியும் என் பேர்லயா தம்பி’ன்னு கேக்கறாங்க.”

அவன் திரும்பவில்லை. கடைக்கண்ணில் தெரிந்தது. பக்கத்துக் காலி நாற்காலி. இருக்கை மெல்ல அழுந்தியது. சக்கரங்கள் அவன் பக்கமாக உருள ஆரம்பித்தன.