அடுத்த வீட்டுச் சீறல்

ஸ்ஸ்ஸ்ஸ்...!

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சீறலில் அவள் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. கேஸ்! அடுத்த வீட்டில் சிலிண்டர் கசிகிறது! செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"கதவத் திறங்க! கேஸ் லீக்!"

கதவு திறந்தது. கசங்கிய சட்டை, மழிக்காத தாடி, தூக்கத்தை மறந்த கண்கள்... அவை அவள் முகத்தில் வந்து நின்றன. நகரவே இல்லை.

"கேஸா? சிலிண்டர் மூடித்தானே இருக்கு..."

"பின்ன இது என்ன, புஸ்ஸுனு?"

உள்ளே எட்டிப் பார்த்தாள். மேஜைமேல் கணினி. அதன் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்துதான் அந்தச் சீறல்.

"ஓ... டிரம் செய்யறேன்."

"டிரம்மா? பாம்புப் பண்ணை வெச்சிருக்கீங்களோன்னு நினைச்சேன்!"

அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

மேடைக் குழுவில் டிரம் வாசித்தவனாம். இப்போது வீடியோ பார்த்து, மென்பொருளில் டிரம் ஓசை செய்யப் பழகுகிறானாம். கிக் டிரம் வந்துவிட்டது. ஓர் ஒலியலையை எடுத்து அதன் சுருதியைச் சட்டென்று கீழே இறக்கினால், 'தும்'! குச்சியால் 'டப்'பென்று அடிக்கும் ஸ்நேர் டிரம்தான் படுத்துகிறது. அதற்கு மேலே கொஞ்சம் இரைச்சல் தூவ வேண்டும். அவனோ இரைச்சல் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தான்.

"உப்பு போடச் சொன்னா மூட்டையையே கவுத்திருக்கீங்க..." என்று அவளே அதைக் குறைத்தாள். 'டப்!' கச்சிதமாக விழுந்தது. அவன் ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக் கேட்டான்.

"இப்போ... நல்லாருக்கா?"

அதன்பின் வேலை விட்டு வந்ததும் அவள் கால்கள் அந்தக் கதவுக்கே போயின. பல் மருத்துவமனையில் உதவியாளர் அவள். பகலெல்லாம் பிறர் வாயைப் பார்ப்பவளின் முகத்தை இதுவரை யாரும் நின்று பார்த்ததில்லை. இவன் பார்த்தான்... அவள் சொல் ஒன்றைக்கூடச் சிந்தவிடாமல்.

"என்ன டிரம்மர் சார், எங்க டாக்டர்கூட ஒரு வாய இப்படிப் பாக்க மாட்டார்!"

"பல்லு மேடம் பேசினா பாக்காம இருக்க முடியுமா?"

மழை கொட்டிய ஒரு மாலை. முகக்கவசத்தைக் கழற்ற மறந்தே வந்துவிட்டாள். அது தந்த தைரியமோ என்னவோ, மனதிலிருந்தது வாய்க்கு வந்தது.

"இன்னிக்கு முழுக்க உங்களையேதான் நினைச்சிட்டிருந்தேன்..."

"ஆமா... மழை ஜாஸ்திதான்."

அவளுக்குச் சுரீரென்றது. தாமதமாக வந்த சிரிப்பு... கடைசிவரை திருகிய குமிழ்... மெல்ல முகக்கவசத்தை இறக்கினாள்.

"உங்களுக்குக் காது...?"

அவன் முகம் வெளுத்தது.

"மேடையில, ஸ்பீக்கர் பக்கத்துலயே பத்து வருஷம். கூர்மையான சத்தமெல்லாம் போயிடுச்சு. மிச்சமும் போயிடும், திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள நானே செஞ்ச டிரம்ம என் காதாலயே ஒருதடவ கேட்டுடணும்... அவ்வளவுதான்."

"அப்போ என் முகத்தையே பாத்துட்டிருந்தது...?"

"உதட்டப் படிக்கத்தான்." அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். "போயிடுங்க. பரிதாபப்பட்டு யாரும் பக்கத்துல உக்கார வேணாம்."

போய்விட்டாள். பைத்தியக்காரி! படித்துத் தூக்கிப்போடும் காகிதமா அவள் முகம்?

சுவருக்கு அப்பால் மறுபடி சீறல் ஏறியது. தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகொரு மாலை அது அடியோடு நின்றது. வெறும் 'தும்... தும்...' மட்டும். ஸ்நேரைக் கைவிட்டுவிட்டான். அந்த ஒற்றை ஓசையை அவளால் தாங்க முடியவில்லை.

கதவை அறைந்தாள். அவன் திறந்தான். படிக்க இவனுக்கு ஒரு சொல்கூடக் கொடுக்கப்போவதில்லை என்று முகக்கவசத்தோடே உள்ளே போனாள். இரைச்சல் குமிழைச் சரியான இடத்தில் நிறுத்தி, அவன் கையை இழுத்து ஸ்பீக்கரில் வைத்து, விசையைத் தட்டினாள்.

'டப்!'

அவன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். 'என்ன?' என்பதுபோல் அவள் புருவம் உயர்ந்தது.

"உதட்டப் படிக்கத்தான் பாத்தேன்னு சொன்னேன்ல... இப்போ படிக்க ஒண்ணுமே இல்ல, பல்லு மேடம். ஆனா கண்ண எடுக்க முடியல."