ஏழு தண்ணீர்

ஆட்டின் கழுத்துக் கயிற்றில் ஒரு கொத்து ரோமம் ஒட்டியிருந்தது. சாலம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கையோடு இன்னொரு கொத்து வந்தது. ஆடு கத்தவில்லை. அது பாட்டுக்குச் சவுண்டல் தழையை மென்றுகொண்டு நின்றது.

சாலை மறியல் தொடங்கி ஒன்பது நாள். கச்சிராயபாளையம் போகும் வழியெல்லாம் வெட்டிப்போட்ட புளியமரங்கள் கிடக்க, பஸ்ஸும் கடையும் கரும்பு வெட்டும் கூலியும் ஒன்றாய் நின்றுபோய், வழியை அடைக்க மரம் வெட்டப் போன புருஷன் பொன்னுரங்கத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டதாகப் பேச்சு மட்டும் வந்து சேர்ந்திருந்தது. இரண்டாம் நாளே அரிசி தீர்ந்தது. ஆடோ பண்ணைக்காரருடையது, அறுக்க முடியாது. வேலியில் சவுண்டல் நெற்றுகள் காற்றுக்குச் சடசடத்துக்கொண்டிருந்தன. மலையில் குடியிருக்கும் ராஜாம்பாள் காட்டுக்கொட்டை வேகவைத்துத் தின்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதே நினைப்பில் இந்த நெற்றுகளின் விதையையும் வேகவைத்தாள். தன் பங்கையும் சேர்த்து ஆறு வயது மகள் செல்விக்கே ஊட்டினாள்.

இன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்த ராஜாம்பாள், வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். அடுப்பிலிருந்து பூண்டு அழுகினாற்போல ஒரு வாடை.

"இன்னா கொட்டை இது?"

"சவுண்டல்க்கா. நீங்க திங்கறதாட்டம்தான்."

"நாங்க திங்கறது பூனைக்காலி. அதையே ஏழு தண்ணி மாத்தி, இறுத்துக் கொட்டிட்டுத்தான் வாயில வெப்போம். மரம் வெதய சும்மா குடுக்காது சாலா, நஞ்ச உள்ள வெச்சுதான் குடுக்கும். நீ எத்தினி தண்ணி கொட்டுன?"

சாலம்மாள் அடுப்புச் சட்டியைப் பார்த்தாள். ஒரு தண்ணீர்கூடக் கொட்டவில்லை. கொட்ட மனம் வராமல், உப்புப் போட்டு, வயிற்றுக்கு இதமாக இருக்கட்டுமென்று மகளுக்குத் தம்ளர் தம்ளராகக் கொடுத்திருந்தாள். ஏழு நாளும்.

சவுண்டல் தழையை மென்றபடி ரோமம் உதிர்ந்து நின்ற ஆட்டை ராஜாம்பாள் பார்த்தாள். "பொண்ணத் தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"ரோடு ஏதுக்கா?"

நடந்தாவது கள்ளக்குறிச்சி போய்விடலாம். தூக்கிக்கொண்டு நடக்கலாம். தலையை மட்டும் வாரிவிட்டு. செல்வி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஐயோ, என் கையாலேயே கொடுத்தேனே. முடி மூன்று காலாக. பின்னல். சிவப்பு ரிப்பன். முடிச்சை இறுக்கினாள்.

இழுத்த கை அப்படியே பின்னால் வந்தது.

மடியில் ஜடை. முழு ஜடை. ரிப்பனோடு.

செல்வி திரும்பவில்லை. அவளுக்கு வலிக்கவேயில்லை.

"பின்னி ஆச்சாம்மா? பசிக்குது. அந்தத் தண்ணியக் குடு."