ஐந்நூற்று முப்பது மில்லி

காலை 11.40. காரைக்காலில் ஒரு மருத்துவமனை. அங்கிருக்கும் புறக்காவல் நிலையத்தில் முன்னாள் ராணுவ வீரர் மருதையன் வந்து நின்றார்.

"அது என் மூத்திரம் இல்லீங்க. யாரோடதையோ என் பேர்ல போட்டுட்டாங்க."

சிரிக்காதீர்கள். ஏட்டு வெண்மதியும் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாள்.

எல்லையில் லாரி கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து மனுஷனுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டார், மனு தள்ளுபடி. இது மேல்முறையீடு, கடைசி வாய்ப்பு. இன்றைக்குப் பார்த்து சிறுநீர் வேகம் அளக்கிற இயந்திரம் 530 மில்லி, அசுர வேகம் என்று சீட்டு துப்பியிருக்கிறது. பரிசோதிக்க வந்த டாக்டர் ரஞ்சித்குமார், 'நடிப்பு' என்று எழுதி நாலு மணிக்கு அனுப்பப் போகிறார்.

"பணம் போனா போவுது. பொய்யன்னு எழுதிட்டா திருநள்ளாத்துல யார் மூஞ்சில முழிப்பேன்?"

சொல்லிவிட்டு எழுந்துபோய், குடித்த டம்ளரைக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கடைக்காரர் கழுவிக்குவார் என்று வெண்மதி சொல்லியும் கேட்கவில்லை.

12.05. பரிசோதனை அறை. ஒரு புனல், கீழே குடுவை, அதற்கும் கீழே எடை பார்க்கிற தட்டு. விழுகிற வேகத்தைத் தாளில் கோடாக வரையும், அவ்வளவுதான். மூலையில் வாளி, அதன் விளிம்பில் ஈரமான அரை லிட்டர் மக்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கவியா பயந்து போயிருந்தாள். காலையிலிருந்து இவர் ஒருத்தர்தான் என்றாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பதினோரு நிமிடம் இருந்தாராம். வேறு யாரும் போகவில்லை.

"குடுவையை என்னம்மா பண்ணின?"

"ஊத்திட்டேன் ஏட்டம்மா. வாடையே இல்ல, நல்லவேளைன்னு நினைச்சேன்."

12.20. மாடியில் எடுத்த ஸ்கேன் சீட்டுகள் இரண்டும் மருதையன் பைக்குள்ளேயே கிடந்தன. கேட்டால்தானே கொடுப்பார்! பரிசோதனைக்கு முன் சிறுநீர்ப்பையில் இருந்தது 410 மில்லி. பின், 380.

12.30. டாக்டர் அறை. மருதையனையும் கவியாவையும் கூட்டிக்கொண்டு வெண்மதி போனாள். டாக்டர் நிமிரவே இல்லை. "இயந்திரம் பொய் சொல்லாதும்மா."

"சொல்லல சார். உள்ள இருந்ததே 410. அதுல 380 அப்படியே இருக்கு. வெளிய வந்தது மட்டும் எப்படி 530?"

இப்போது நிமிர்ந்தார்.

வெண்மதி மருதையன் பக்கம் திரும்பினாள். "ஐயா, போய் முடிச்சதும் என்ன செஞ்சீங்க?"

"ஒரு மக் தண்ணி ஊத்தினேன். அடுத்த ஆளு வருவாங்கல்ல? அப்படியே விட்டுட்டு வர முடியுமா?"

அட கடவுளே! கவியா தலையில் கைவைத்துக்கொண்டாள். புனலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவள் சொல்லவே இல்லை.

"குற்றவாளி அந்த மக்தான் சார்," என்றாள் வெண்மதி. "டீ குடிச்ச டம்ளரையே கழுவி வெக்கிற மனுஷன். அங்க மட்டும் சும்மா வந்துடுவாரா?"

எல்லாரையும் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போய், இயந்திரத்தைப் போட்டுவிட்டு வாளியிலிருந்து ஒரு மக் மொண்டு ஊற்றினாள். காலையில் அவருக்குச் சொட்டுச் சொட்டாகப் போன பத்து நிமிடத்துச் சின்னக் கோடு மட்டும் இல்லை. மற்றபடி காலைச் சீட்டிலிருந்த அதே செங்குத்துக் கோடு.

பிற்பகல் 2.50. மறுபரிசோதனை. தரையோடு தவழ்ந்த கோடு, முப்பத்திரண்டு மில்லி. டாக்டர் 'நடிப்பு' என்றிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதை மருதையனுக்கு வாசித்தும் காட்டினார். "மன்னிச்சுக்குங்க," என்றார். பெரிய மனசுதான்.

மருதையன் வெண்மதிக்கு முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கண்ணிலிருந்து வழிந்தது. "என் பேரைக் காப்பாத்திக் குடுத்தீங்கம்மா. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவளும் சல்யூட் அடித்தாள்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கவியாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மெஷினை அணைச்சாச்சா பாப்பா? இப்ப ஒரு மக் தண்ணி ஊத்திட்டு வந்துடட்டா?"